இடது சப்பாத்து

சப்பாத்து மெழுகு டப்பாவைத் திறந்தால் அந்த வாசனையோடு உன் குரலும் வரும். "டேய், மெழுக தேய்க்கிறியா, சப்பாத்துக்கு ஊட்டி விடுறியா?" என்பாய். நான் ஒரு ஜோடிக்கு ஒரு மணி நேரம் எடுப்பவன். நீ நாலு இழுப்பில் முடித்துவிட்டு தே தாரேக் குடிக்கப் போய்விடுவாய். போன வெள்ளிக்கிழமை காலையும் வாசலில் டப்பாவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு குளுவாங்கில் நம் போலீஸ் பேண்டு நிகழ்ச்சி. வலது சப்பாத்தை முடித்து இடதைக் கையில் எடுத்தபோது கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்தது.

அனுப்பியவள் மாசாய் பிளாட்டில் குடியிருக்கும் ஒரு பெண். அன்று நமக்கு முன்னால் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு ஒரு குழந்தை ஆடியதே, அதன் அம்மா. யாரிடமோ என் நம்பரைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். "உங்க ஃபிரெண்டு கடைசியா வாசிச்சது இதுல இருக்கு அங்கிள். உங்களுக்கு வேணுமேன்னு அனுப்புறேன்" என்று எழுதியிருந்தாள்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. உன் வாசிப்பை இன்னொரு தடவை கேட்கலாம் என்ற ஆசையில் திறந்தேன். படத்தில் குழந்தை ஆடுகிறது. அதன் பின்னால் நம் வரிசையில் இடுப்புக்குக் கீழேதான் தெரிகிறது. கறுப்புச் சப்பாத்துகள், நோட்டு ஸ்டாண்டின் கால்கள். உன் டிரம்பெட் சரணத்தைத் தொடங்குகிறது. இரண்டு வரி வாசிக்கிறாய். சத்தம் நிற்கிறது. உன் முட்டி மடங்கி, நீ நாற்காலிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் சரிகிறாய். அடுத்த கணமே என் டிரம்பெட் கேட்கிறது. அப்புறம் உன் கை தரையில் ஊர்ந்து வந்து என் இடது சப்பாத்தைப் பிடிக்கிறது.

நான் காலை நகர்த்திக்கொள்கிறேன்.

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். வேறு யாருடைய காலாகவாவது இருக்கக்கூடாதா என்று பார்த்தேன். அந்தப் பளபளப்பு என்னுடையதுதான், வேறு எவன் அப்படித் தேய்ப்பான்? எத்தனை தடவை ஓட்டினாலும் உன் கை வருகிறது, நான் நகர்த்துகிறேன்.

அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபோது இடது சப்பாத்தின் முனையில் நாலு விரல் தடம் இருந்தது. உன்னைத் தூக்கும்போது யார் கையோ பட்டிருக்கும் என்று நினைத்தேன். பழக்கம் விடவில்லை. துணியை எடுத்து, மெழுகு வைத்து, தடம் தெரியாமல் துடைத்துவிட்டேன். நான் எதைத் துடைத்தேன் என்பது இரண்டு மாதம் கழித்து வாசலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிந்தது.

நமக்குள் ஒரு பேச்சு உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, நாமே பிடித்துக்கொண்டது. ஒரு அணிவகுப்பில், உச்சி வெயிலில், நான் தலை சுற்றி விழுந்தேனே, நினைவிருக்கிறதா? கண் திறந்தபோது ஈரத் துணியோடு பக்கத்தில் நின்றாய். "நான் விழுந்தப்போ நீ என்னடா பண்ண?" என்று கேட்டேன். "வாசிச்சேன். உன் பார்ட்டையும் சேத்து. ஆள் விழலாம்லா, பாட்டு விழக்கூடாது" என்றாய். எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. அந்த மாதமெல்லாம் கேண்டீனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்புறம் ஒரு கிளாரினெட் பையன் விழுந்தபோதும், டிரம் வாசிப்பவருக்கு மயக்கம் வந்தபோதும், பாட்டு நிற்கவில்லை. விழுந்தவர்கள் எல்லாரும் எழுந்துகொண்டார்கள். அதனால் அது சரி என்று இருந்துவிட்டோம்.

அன்று மாசாயில் நல்ல புழுக்கம். பிளாட்டு மண்டபத்தில் ஒரு பக்கம் திருட்டுத் தடுப்புப் பேச்சு, இன்னொரு பக்கம் இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை. காலையிலிருந்தே தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். "போய்க் காட்டிட்டு வாயேன்டா" என்றேன். "யூனிஃபார்ம்ல போய் ஆன்ட்டிங்களோட லைன்ல நிக்கச் சொல்றியா? போடா" என்றாய். தலைக்கு மேல் சுற்றிய காற்றாடி நோட்டுத் தாளைப் புரட்டாமலிருக்க, வழக்கம்போல வீட்டுக் கொடியிலிருந்து திருடி வந்த துணிக் கிளிப்புகளை மாட்டினாய். கிளிப்பு குறையும்போதெல்லாம் உன் மனைவி எனக்குத்தான் போன் போட்டுத் திட்டும். சீனப் பாட்டு முடிந்தது, மலாய்ப் பாட்டு முடிந்தது. கடைசியாக, முன் வரிசை ஆன்ட்டிகள் கேட்டிருந்த பழைய தமிழ்ப் பாட்டு. பேண்டுக்காக நீயே கையால் எழுதிய நோட்டு. முதல் சரணம் முழுக்கத் தனி டிரம்பெட். நீ எழுந்து நின்றாய்.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொல்லவில்லை. நீ சரிந்தபோது மயக்கம் என்றுதான் நினைத்தேன், அது உண்மை. ஆனால் உன் சரணத்தை எடுத்து வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினெட்டு வருடம் உன் பக்கத்தில் இரண்டாம் டிரம்பெட். உன் சரணம் எனக்கு மனப்பாடம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பார்ப்பேன். அன்றைக்கு எழுந்து நின்று, ஒரு நோட்டுகூடப் பிசகாமல் வாசித்தேன். நன்றாக வாசிக்கிறேன் என்பது வாசிக்கும்போதே தெரிந்தது. ஆன்ட்டிகள் கை தட்டினார்கள். இன்னும் கொஞ்சம் ஊன்றி நிற்கலாம் என்று காலை நகர்த்தினேன் போலிருக்கிறது. பாட்டு முடிந்த பிறகுதான் கீழே பார்த்தேன். பரிசோதனை மேசையிலிருந்து தாதி ஓடி வந்தாள். ஆம்புலன்சிலேயே நீ போய்விட்டாய். இதயம் என்றார்கள்.

சனிக்கிழமை சிகாமட்டுக்குப் போனேன். உன் மனைவி அங்கே அம்மா வீட்டில்தான் இருக்கிறது. காணொளியைக் காட்டாமலே இருந்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்தேன். அந்தப் பெண் யாருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாளோ, வேறு யார் வழியாகவோ வருவதைவிட என் கையால் காட்டுவதுதான் முறை என்றும் தோன்றியது. உன் மனைவி கோப்பி வைத்துக் கொடுத்தது. நான் குடிக்காமலே கைப்பேசியை நீட்டினேன்.

"இதுல கால் தெரியுதே, அது என்னோடதும்மா" என்றேன்.

இரண்டு தடவை பார்த்தது. அழவில்லை. கைப்பேசியைத் துடைத்து என்னிடமே கொடுத்தது.

"நீங்க நிறுத்தியிருந்தா அவரே திட்டியிருப்பாருண்ணே. உங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாதா" என்றது.

அப்போதுதான் கோப்பியை எடுத்தேன். உள்ளே போகத் திரும்பியது, வாசற்படியில் நின்றது.

"ஆனா ஒரு தடவ குனிஞ்சு பாத்திருக்கலாம்ண்ணே."

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போனவன் உப்பு வாங்க மறந்துவிட்டால் சொல்வதுபோலத்தான் சொன்னது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பி வரும்போது ஓர் இடத்தில் காரை ஓரங்கட்டி நிறுத்தினேன்.

ஞாயிறு, குளுவாங் திடல். முதல் டிரம்பெட் நாற்காலி இப்போது எனக்கு. உன் ஃபைலைத்தான் ஸ்டாண்டில் வைத்தேன், உன் நீலக் கிளிப்பு அதிலேயே மாட்டியிருந்தது. இங்கேயும் அதே பாட்டைக் கேட்டிருந்தார்கள். சரணம் வந்தது. எழுந்து நின்றேன். முதல் வரி நன்றாகவே வந்தது. இரண்டாவது வரியில் காற்று வீசித் தாள் படபடத்தது. என் இடது சப்பாத்தின் மேல் ஏதோ பட்டது.

டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்துவிட்டேன். குனிந்தேன். முட்டி போட்டேன். தலைக்கு மேலே டிரம் இரண்டு அடி தனியாக அடித்து நின்றது. கிளாரினெட்டுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பாட்டு விழுந்துவிட்டது, டேய். கூட்டம், பாட்டு முடிந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கை தட்டியது.

நம் பேண்டு மாஸ்டர் துவான் கையிலிருந்த கோலை இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்தார். "அப்பா ஜாத்து?" என்று மலாயில் கேட்டார். என்ன விழுந்தது என்று.

எனக்கு எழுந்து நிற்கக்கூடத் தோன்றவில்லை. கீழே இருந்தபடியே கையை விரித்துக் காட்டினேன். உன் மனைவியின் துணிக் கிளிப்பு.