தலைவரின் அஞ்சு பாஸ்போர்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டு வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா? எனக்கு ஒரு குறையுமில்லை.

உங்கள் தலைவர் இருபது வருஷம் கழித்து மறுபடியும் உளவாளியாக வந்திருக்கும் படத்துக்கு, லீவு நாளில் கம்பெனி பஸ்ஸிலேயே எங்களைக் கூட்டிப்போனார்கள். வெளியே வந்ததும் ஒரு பெண் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்டாள்.

"அவர் ஓடினா நமக்கு மூச்சு வாங்குது. இந்த வயசுல தேவையா?" என்றார் எங்கள் சமையல்காரர்.

"அந்த நடை ஒண்ணு போதும்யா!" என்று வெல்டர் சண்டைக்குப் போனார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அவருக்கு அஞ்சு பாஸ்போர்ட்டுங்க. எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் மேனேஜர் பீரோல இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த வீடியோ உங்களுக்கு வந்தால் பயப்படாதீர்கள், விளையாட்டாகச் சொன்னதுதான். மேனேஜரும் பார்த்தார். திட்டவில்லை, போனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். அதனால்தான் கடிதம். என் கான்ட்ராக்ட் போன மாதமே முடிந்துவிட்டதே என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு வருஷம் இருப்பா, என்ன அவசரம்?" என்று சிரித்தார்.

நம் பீரோவில் அம்மாவின் புடவைகளுக்கு அடியில் என் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இருக்கும். அனுப்பி வையுங்கள். கம்பெனி விலாசத்துக்கு வேண்டாம். இதைத் தபாலில் போடும் லாரி டிரைவரின் விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. அவர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன்.

கடைசியில் தலைவர் தப்பித்துவிடுகிறார் அப்பா. கதையைச் சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகன்