வியாழக்கிழமைக் கீரை

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

கடைச் சாப்பாட்டைக் குறைக்க, அங்கும் இங்கும் ஒரே சமையல் என்று நீ போட்ட வாரப் பட்டியல் என் சுவரில்தான் இருக்கிறது. நீங்கள் கடைப்பக்கமே போவதில்லை. நானோ தினமும் கடையில் தின்றுவிட்டு, பட்டியலைப் பார்த்து, சமைத்ததாகப் போனில் அளந்தேன். நேற்று கிழமை தப்பி, “இன்னைக்குக் கீரை” என்றேன்.

“அது நாளைக்குத்தானேப்பா” என்றாள் சின்னவள்.

நீயாவது திட்டியிருக்கலாம். கூனிக் குறுகிப் போனேன்.

கடையில் எதிரே யாராவது உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அதற்குத்தான் போனேன்.

இன்று கீரை வாங்கிவிட்டேன். பட்டியலில் இருப்பது நாலு பேருக்கான அளவு. ஒருத்தனுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எழுது. பட்டறைக்குப் போக வேன் வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்