கருங்குன்றக் கோட்டை வாயில் திறக்க விடுத்த ஓலை

நலமே சூழ்க. கடலும் மலையும் எல்லையாகக் கொண்ட செங்கடம்ப நாட்டை ஆளும் அரசி வானவல்லியாரின் திருவாணைப்படி, முதலமைச்சர் கீரங்கண்ணனார், கருங்குன்றக் கோட்டைத் தலைவர் ஏனாதி நெடுவேட்டனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் அதனுள் வாழும் நாலாயிரம் உயிர்களும் நோயின்றி வாழ்க.

வெண்சங்குத்துறையிலிருந்து எவர் வரினும் அம்பு தொடுக்குமாறு தாங்கள் இட்ட கட்டளை அரசியாரின் செவிக்கு எட்டியது. வைசூரிக்கு அஞ்சிச் செய்த அக்காவல் குற்றமன்று. ஆயினும் துறையில் நிகழ்ந்ததைத் தாங்கள் அறிதல் வேண்டும்.

அவ்வூர் மருத்துவச்சி நன்முல்லை இளமையில் வைசூரி கண்டு பிழைத்தவள், முகமெல்லாம் தழும்பு. வீட்டுக்கு வீடு பிணம் விழுந்த நாளில், பசுவின் மடியிலிருந்து விரலில் கொப்புளம் தொற்றிய கறவைப் பெண்கள் எழுவர், நோயாளிகளைத் தொட்டுத் தூக்கியும் நோயுறாததைக் கண்டாள். அவள் அரசியாரிடம் விண்ணப்பித்தது இது: கண்ணுக்குத் தெரியாத நுண்பொருள் ஒன்றே இந்நோய்க்கு வித்து, தனித்துக் கிடக்கையில் அது பெருகாது, உடலுள் புகுந்தாலோ அவ்வுடலைக் கொண்டே தன்னைப் பல்லாயிரமாக்கும், பசுவின் அம்மை அதற்கு வலிகுன்றிய உறவு, அதனோடு ஒருமுறை பொருத உடல், பெரியதையும் அடையாளம் கண்டு வீழ்த்தும்.

மெய்ப்பிக்கத் தன் கையையே கீறிப் பசுவம்மைக் கொப்புளநீரை இடத் துணிந்தவளைக் கணவன் சேட்டன் தடுத்தான். "ஒனக்குத்தான் ஒருதரம் வந்து போயிருச்சே, ஒங்கைல குத்தி என்னத்தத் தெரியும்? இந்தா, என் கையப் புடி" என்று அவன் சொன்ன சொல் அவையில் அப்படியே உரைக்கப்பட்டது. அவ்வாறே அவன் கையில் குத்தி, கொப்புளம் எழுந்து ஆறியபின், நோயாளர் கொட்டகையில் இருபத்தைந்து நாள் தங்கிக் கஞ்சி ஊட்டினான். விடியுந்தோறும் நன்முல்லை அவன் நெற்றியைத் தொடுவாள். நாவை நீட்டச் சொல்லிப் பார்ப்பாள். ஒருநாள் அவன் இருமியதற்கு அன்று முழுதும் உண்ணாமலே கிடந்தாள். அவன் மேனியில் ஒரு புள்ளியும் எழவில்லை. பின்னர்க் குத்திக்கொண்ட முந்நூற்றுவரும் நலமே.

இனித்தான் அச்சம். இக்கோடையில் கொப்புளநீராகிய அம்மைப்பாலைச் சிமிழில் அடைத்தால் வழியிலேயே வீரியம் இழக்கும். உயிருள்ள கையில்தான் கொண்டுவர இயலும். சேட்டனின் தங்கையர் இருவர் அதற்கு இசைந்தனர். புறப்பட்ட நாளில் மூத்தவளுக்குக் குத்தப்பட்டது. எட்டாம் நாள் அவள் கொப்புளத்திலிருந்து எடுத்து இளையவளுக்குக் குத்துவர். அதுவரை இளையவளுக்குக் காப்பேதுமில்லை. நடக்கும் வழியோ நோய் புகுந்த ஊர்கள். பதினாறாம் நாள் தங்கள் வாயிலை அடைவர். அன்று கதவு அடைத்திருந்தால் இரண்டொரு நாளில் கொப்புளம் பொருக்காகும். பிறகு நாலாயிரவருக்கும் கொடுக்க ஒன்றுமிராது. தங்கள் மலையடிவாரத்து ஊரில் மூவர் படுத்துவிட்டதாக நேற்றே செய்தி வந்தது.

ஆதலின் வில்லாளரை மதிலிலிருந்து இறக்குக. உள்ளே விடத் தயங்கினால் வெளிமுற்றத்தில் பந்தலிட்டு, முதற்கண் தாங்களே கை நீட்டுக. வருவோர் நன்முல்லை, சேட்டன், தங்கையர் இருவர் என நால்வர். மூவர் வரினும் திறக்க. ஒருத்தியே தள்ளாடி வரினும், அவள் கையைப் பார்த்துத் திறக்க.

இது அரசியாரின் ஆணை. கடம்பமலர் இலச்சினை இடப்பட்டது.