பெட்ரோல் வண்டிகளை விற்ற வாரம்

அன்புள்ள ஹசிந்தா,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? போனில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இங்கே ஓஹாயோவில் எங்கள் முதலாளி, புல் வெட்டும் பெட்ரோல் வண்டிகளை விற்றுவிட்டு மின்சார வண்டிகள் வாங்கிவிட்டார். ஓட்டச் சுகமாகத்தான் இருக்கிறது. சட்டையில் பெட்ரோல் வாடையே இல்லை. வண்டிகள் வந்த அன்று எங்களைக் கூட்டிவைத்துக் கணக்குச் சொன்னார்.

"கரண்டுக்கு ஆகறது பெட்ரோல் செலவுல கால்வாசிதான். ஆயில், பிளக் எதுவும் மாத்த வேண்டாம்."

வண்டிகளைப் பழுதுபார்க்கும் நம்மூர் ஃபிதென்சியோ அண்ணன் வழக்கம்போலச் சீண்டினார். "பேட்டரி செத்தா பாதி வண்டி விலை ஆகுமே முதலாளி, அதைச் சேர்த்தீங்களா?"

"சேர்த்தேன்பா," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "உன் சம்பளம் இல்லேன்னாதான் கட்டுப்படியாகுது."

அண்ணன், "அப்ப இனிமே என் பொண்டாட்டி சமையல்தான்னு சொல்லுங்க!" என்று சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கவலைப்படாதே, எனக்கு வேலை இருக்கிறது. அறையில் அண்ணன் கட்டில்தான் காலி. காய்ந்த மிளகாய் கொஞ்சம் அனுப்பு. பிள்ளைகள் பேசுவதைப் பதிவுசெய்து அனுப்பு, சண்டை போட்டாலும் பரவாயில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் அண்ணன்தான். உட்காரவைத்துச் சாப்பாடு போடு, வேலையைப் பற்றிக் கேட்காதே. விடுப்பில் வந்ததாகத்தான் வீட்டில் சொல்லப்போகிறாராம். அவர் மனைவி உன்னிடம் விசாரித்தால் நீயும் அப்படியே சொல்லிவிடு.

பஸ் வந்துவிட்டது, அண்ணன் கை நீட்டுகிறார்.

உன் ரொகேலியோ