ஏழாவது சோப்புத் துண்டு

மாப்ள,

இன்று கடைக்காரர் நீளச் சோப்பைக் கம்பியால் அறுத்தார். அந்த வாசனை வந்ததும் அங்கே கிடந்த அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் சட்டென்று அலுத்துவிடுகிறது.

உங்கள் வீட்டுச் சோப்பும் இதேதான். எண்பதுகளின் நடுவில், கப்பலூரில் நாம் வேலைபார்த்த பட்டறைக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஜெனரேட்டர் ஆர்டர் வந்தது. ஆல்டர்னேட்டர் பூட்டிய எஞ்சின், டேங்க், பேட்டரி, சைலன்சர், ஏர் ஃபில்டர், சுவிட்ச் பெட்டி என்று ஆறு பொருள். எல்லாம் ஒரே இரும்புக் கூண்டுக்குள் அடங்கி, அங்கிருந்த குறுகலான அறைக் கதவு வழியாக உள்ளே போக வேண்டும். முதலாளி முடியாதென்று சொல்லவிருந்தார். நீதான் முந்திக்கொண்டாய்.

"அண்ணே, இவன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாப்பான். சரியா வரலைன்னா நான் வேலைய விட்டே போறேன்."

விளாங்குடியில் ஒரு கணக்கு வாத்தியார் வீட்டுக் கம்ப்யூட்டரையும் ஒரு கிழிந்த புத்தகத்தையும் வைத்து நானே கற்றுக்கொண்டதுதான் என் படிப்பு. அதைப் பற்றியே பேசி உன் உயிரை வாங்குவேன். ஞாயிறு ஆராதனைக்குப் போகும்போது வாத்தியார் சாவியைத் தருவார். ஒவ்வொரு பொருளையும் ஒரு பெட்டியாக நினைத்து நீளம், அகலம், உயரம் கொடுப்பேன். நிமிர்ந்து நிற்க வேண்டியதை அப்படியே விட்டு, மற்றதைத் திருப்பித் திருப்பிப் போட்டு, ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று பார்த்து, இருப்பதிலேயே சின்னக் கூண்டைத் தேடும் என் புரோகிராம். வாத்தியார் திரும்பும்போதுதான் விடை வரும். அந்த அளவுகளைச் சுருக்கி, நீ சோப்பில் வெட்டி அடுக்கிப் பார்ப்பாய்.

"தொவைக்க வாங்குன சோப்பு அம்புட்டையும் வெட்டிப்புட்டீங்களேடா! அழுக்குச் சட்டையோட போங்க!" என்று உன் அம்மா கத்துவார்.

"அதத் தொடாதம்மா, அது டேங்க்கு."

கூண்டு கதவைத் தாண்டியபோது இரண்டு பக்கமும் ஒரு விரல்தான் மிச்சம். நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய்.

அடுத்த மாதம் ஆயில் ஃபில்டரை மாற்றப் போனோம். டேங்க்குக்கும் பேட்டரிக்கும் நடுவில் உன் முழங்கை சிக்கிக்கொண்டது. ஒரு ஃபில்டரைக் கழற்ற, டேங்க்கையே இறக்க வேண்டியிருந்தது. பள்ளியில் பரீட்சை, ஊரில் மின்வெட்டு; ஜெனரேட்டரும் ஓடாமல் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. முதலாளி வந்தார்.

"யாருடா இப்பிடி அடுக்குனது? கை போக எடம் வேணாமா?"

காற்றுக்கு இடம் விட்டிருந்தேன், சூட்டுக்கு விட்டிருந்தேன். கைக்கு விடவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நாந்தாண்ணே. இவன் குடுத்தத நாந்தான் மாத்திப்புட்டேன்."

நான் பேசாமல் நின்றேன்.

சொன்ன சொல்லுக்கு வேலையை விட்டாய். வாடிப்பட்டியில் பம்ப்செட் பழுதுபார்க்கும் கடை போட்டாய். கிளம்பும் அன்று இன்னொரு சோப்புத் துண்டை என்னிடம் நீட்டினாய். மெலிந்து, நீளமாக இருந்தது.

"இது என் கை. இதையும் சேத்து அடுக்கு."

சேர்த்தேன். கூண்டின் உயரம் நாலு விரற்கடை கூடியது, அகலம் கூடவில்லை. புதுக் கூண்டும் அதே கதவில் நுழைந்தது. முதலாளி என்னைப் பாராட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

உன் கடைக்கு எத்தனையோ முறை வந்தேன், சொல்லிவிடலாம் என்று. "விடு மாப்ள, டீ சொல்லு" என்பாய். டீ வந்துவிடும். இப்போது நீயும் இல்லை.

இன்று அந்த அடுக்கும் வேலையை ஒரு டீ ஆறுவதற்குள் கம்ப்யூட்டர் முடித்துவிடுகிறது. எந்த வேலையானாலும் பட்டியலில் முதலில் உன் கையின் அளவைத்தான் போடுகிறேன். நேற்று, கூட வேலைபார்க்கும் பெண் கேட்டாள்:

"சார், மொதல்ல இருக்கே, அது என்ன பார்ட்டு?"

"கை."

"யாரு கை?"

எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும். இத்தனை வருடம் சுமந்தது, சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் தான் வரைந்துகொண்டிருந்த கூண்டின் படத்தைத் திறந்து, டேங்க்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.