மாப்பிள்ளை வண்டிக்குப் போட்ட கோடு

ஃபுச்சூ, ஹிரோஷிமா
ஜூலைக் கடைசி ஞாயிறு

அன்பு மகள் சிஹோவுக்கு அம்மா ஹிசாயோ எழுதுவது. நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். ஒகாசாகியில் நீயும் மாப்பிள்ளை மனாபுவும் கோஹருவும் அப்படியே இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் எனக்குப் பொழுது விடிகிறது. மழைக்காலம் முடிந்துவிட்டது. சில்வண்டுகள் காலையிலேயே கத்தத் தொடங்கிவிடுவதால் உன் அப்பா கேட்கும் பேஸ்பால் செய்தி எனக்குக் கேட்பதில்லை, நம் ஊர் கார்ப் அணி தோற்றதா ஜெயித்ததா என்பதை அவர் சோறு போட்டுக்கொள்ளும் அளவை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். கோஹருவுக்குப் பல்லில் கம்பி மாட்டியிருப்பதாகச் சொன்னாயே, வலி குறைந்ததா? கடினமானதைக் கடிக்கக் கொடுக்காதே. உன் இடுப்பு வலிக்கு அந்த ஒட்டும் பட்டை மட்டும் போதாது, நாற்காலியில் ஒரே மாதிரி உட்காராமல் நடுவே எழுந்து நட. டீச்சராக இருந்தபோது வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

போன மாதம் போனில் நீ சொன்ன இரண்டு வாக்கியங்கள் என் காதிலேயே நிற்கின்றன. ஆகஸ்டில் ஓபோன் பண்டிகைக்கு, நம் முன்னோரைக் கும்பிட வாருங்கள் என்றேன். நீ, “எங்க காரு நிக்கக்கூடாத வீட்டுல நாங்க மட்டும் எப்பிடிம்மா நிக்கிறது” என்றாய். “அது ஒரு கம்பெனிதானே, அப்பாவுக்கு என்ன அது கோயிலா” என்றும் கேட்டாய். அப்போது அப்பா பக்கத்தில் இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீ கோபத்தில் கேட்டிருந்தாலும் கேள்வி சரியான கேள்வி. பதிலை எழுதிவிடுகிறேன், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

கல்யாணம் முடிந்து முதல் புத்தாண்டுக்கு நீங்கள் இருவரும் வந்ததை நான் மறக்கவில்லை. கோஹரு உன் வயிற்றில் இருந்தாள். மாப்பிள்ளை, அப்பா வேலை பார்த்த மாஸ்டாவுக்குப் போட்டியான தன் கம்பெனியின் புது வண்டியை, தன் கைபட்டு வெளியே வந்த வண்டி என்று பெருமையோடு ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பா வாசலுக்கு வந்து இடுப்பு வளையக் கும்பிட்டுவிட்டு, “மன்னிக்கணும் மாப்பிள்ளை, வண்டிய மட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம் காசு கட்டி நிறுத்துற இடத்துல விட்டுட்டு வந்துடுங்க” என்றார். மாப்பிள்ளை வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பனியும் மழையும் கலந்து கொட்டிய அந்தக் குளிரில் பலகாரப் பெட்டியைக் கோட்டுக்குள் வைத்து நனையாமல் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். அதற்குப் பிறகு நீங்கள் ரயிலில்தான் வந்தீர்கள், அதுவும் ஒரு ராத்திரிக்கு. பிறகு நீ மட்டும் வந்தாய். இப்போது நாலு வருஷமாக யாரும் வரவில்லை. பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பிய என் தோழிகள்கூட வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் முகத்தைப் பார்த்துவிடுகிறார்கள். நீ இருக்கும் ஊருக்கு இங்கிருந்து ரயிலில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வந்துவிடலாம். அந்தத் தூரம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட நீளமாகத் தெரிகிறது.

உன் அப்பா மாப்பிள்ளையை இளக்காரமாக நினைத்துத்தான் அப்படிச் செய்தார் என்று நீ எண்ணிக்கொண்டிருக்கிறாய். அது அப்படியில்லை. இந்த மாஸ்டா கம்பெனி தொடங்கிய காலத்தில் செய்தது காரே இல்லை, மரப்பட்டையிலிருந்து கார்க். அப்புறம்தான் மூன்று சக்கரச் சரக்கு வண்டி. அணுகுண்டு விழுந்த அன்று ஹிஜியாமா குன்று நடுவே நின்றதால் நம் பக்கத்துத் தொழிற்சாலை தப்பியது. ஊரில் இருந்த அரசாங்க அலுவலகம்கூடக் கொஞ்ச நாள் அந்தக் கட்டடத்தில்தான் நடந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் மறுபடி மூன்று சக்கர வண்டி செய்யத் தொடங்கிவிட்டார்கள். எரிந்த ஊருக்குப் பலகையும் ஓடும் மீனும் சுமந்தவை அந்த வண்டிகள். உன் தாத்தா ஒன்றை ஓட்டினார். அப்பா குழந்தையாகப் பலகைக் குவியல் மேல் உட்கார்ந்து போனவர், அந்தப் புகை நாற்றம் இன்னும் ஞாபகம் இருக்கிறது என்பார். வளர்ந்ததும் அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அங்கே ஒரு புது மாதிரி எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மேலும் கீழும் குதிக்காமல் முக்கோணம் ஒன்று சுழலும் எஞ்சின். ஓடவிட்டுத் திறந்து பார்த்தால் உள்சுவரெல்லாம் வரிவரியாகக் கீறல், பேய் நகத்தால் பிறாண்டியது போல. உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் இது ஆகாது என்று கைவிட்டதை இங்கே விடாமல் பிடித்துக்கொண்டு, கடைசியில் அந்தக் கீறலை நிறுத்தி, வண்டியை ரோட்டில் விட்டார்கள். பிடிவாதக்காரக் கம்பெனி என்று அப்போது கிடைத்த பெயர் இன்றும் மாறவில்லை. வகுப்பில் கணக்கு வராத பிள்ளைக்கு நான் இந்த எஞ்சின் கதையைத்தான் சொல்வேன். கணக்கு வந்ததோ இல்லையோ, அழுகை நின்றுவிடும்.

அந்தப் பெருமை ஆறு வருஷம்தான் ஓடியது. அப்புறம் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. சுழலும் எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும் என்று ஊர் உலகமெல்லாம் பேச்சு. விற்காத வண்டிகள் மைதானம் மைதானமாக வெயிலில் நின்றன. கம்பெனி ஆட்களை வேலையை விட்டு அனுப்பவில்லை, அதற்குப் பதில் எஞ்சின் பூட்டியவர்களையும் கதவு மாட்டியவர்களையும் கார் விற்கச் சொல்லி டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் அனுப்பியது. எங்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். அப்பாவை டோக்கியோ பக்கம் சைதாமாவுக்கு அனுப்பினார்கள். அவர் பேச்சுத்தான் உனக்குத் தெரியுமே, குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லவே பாதிச் சாப்பாடு ஆகும். அந்த மனிதர் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். ஒரு வீட்டு அம்மாள், “ஓ, அந்தப் பெட்ரோல் குடிகாரனா? எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு, போதும்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாளாம். அதை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்வார், மற்ற வீடுகளைப் பற்றிச் சொன்னதே இல்லை. அந்த வருஷம் பள்ளி விளையாட்டு விழாவில் அப்பாக்கள் ஓட்டப்பந்தயத்துக்கு ஆள் சேரவில்லை, அம்மாக்களும் டீச்சர்களான நாங்களும்தான் ஓடினோம். கணவனைப் பிரிந்திருந்த அந்த நாட்களில் ராத்திரிச் சோற்றை ஒருத்திக்கு மட்டும் வடிக்கத் தெரியாமல் தினமும் மீந்துபோகும். இப்போது உன் நினைப்பு வரும்போதும் கை அப்படித்தான் அளவு தவறிப் போடுகிறது.

அப்பா அங்கே அலைந்தபோது இங்கே நடந்ததுதான் முக்கியம். நம் ஊர்க்காரர்கள் தாங்களே கம்பெனியைத் தாங்கிப்பிடிப்பது என்று முடிவு செய்து கார் வாங்கத் தொடங்கினார்கள். பல் வைத்தியர் வாங்கினார், கோயில் குருக்கள் வாங்கினார். எதிர்வீட்டு டோஃபு கடை ஒகிமோதோவும் வாங்கினார், அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. கடை வாசலில் அந்த வண்டி சும்மா நின்றது. தினமும் டோஃபு வேக வைத்துவிட்டுத் துணியால் துடைப்பார். பிறகு அவர் மனைவி ஃபுமியே அக்காதான், “நிக்கிற வண்டிக்குத் தீனி போட என்னால ஆகாது” என்று சொல்லி லைசென்ஸ் எடுத்து டோஃபு வாளிகளை அதில் ஏற்றிக்கொண்டு போனாள். அப்பா சைதாமாவிலிருந்து திரும்பிய அன்று, பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தவர், கையில் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் வரிசையாக அவருடைய கம்பெனி செய்த வண்டிகள். அதில் ஒன்று ஓட்டத் தெரியாதவருடையது. சைதாமாவில் சாத்திய கதவுகளுக்கெல்லாம் சேர்த்து அன்றுதான் அழுதார். அதற்கு அப்புறம் கம்பெனிக்கு நல்ல காலம் வந்தது, திரும்பவும் கெட்ட காலம் வந்தது, அமெரிக்கக்காரர்கள் வந்து தலைமை ஏற்றார்கள், போனார்கள். எதற்கும் அவர் அசையவில்லை. ஆனால் வேறு கம்பெனி வண்டி நம் வாசலில் நிற்பதை எதிர்வீட்டு ஒகிமோதோ பார்த்துவிடக்கூடாது என்பது ஒன்றே அவருக்குக் கவலை. உன் வீட்டுக்காரரைக் கண்டு அவருக்குக் கூச்சமில்லை சிஹோ, எதிர்வீட்டைக் கண்டுதான்.

ஒகிமோதோ இந்த வசந்தத்தில் தவறிவிட்டார். அன்றே உனக்குப் போனில் சொன்னேன், அதற்குமேல் நடந்ததைச் சொல்லவில்லை. சடங்குக்கு அவர் மகன் ஒசாகாவிலிருந்து வந்தான். வந்த வண்டி வேறு கம்பெனியுடையது. அவன் அதைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, தன் அப்பாவின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் நடந்தே வந்தான். ஃபுமியே அக்கா கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் கேட்க, “சொந்த வீட்டுக்கு வர்றவன் எதுக்குடா அங்க நிறுத்தின” என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்து, “எதிர்ல இசாவோ மாமா இருக்காரேம்மா, சங்கடப்படுவாரு” என்றான். அவன் சொன்ன அந்த இசாவோ மாமா, உன் அப்பா, அங்கேயே ஊதுவத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், “தம்பி, எங்க வீட்டு மனுஷனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. ஒனக்குச் சம்பளம் வரணும்னுதான் வாங்கினாரு. ஊரான் பெத்த பிள்ளைய மழையில நடக்க விடணும்னு வாங்கல” என்றாள். அப்பா எழுந்து குடையை எடுத்துக்கொண்டு அந்தப் பையனோடு பாலம் வரை நடந்து போனார். வண்டியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்து டோஃபு கடை வாசலில் இறங்கினார். வேறு கம்பெனி வண்டியில் அவர் உட்கார்ந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எப்படி இருந்தது என்று கேட்டேன். “கதவு நல்லாத்தான் சாத்திக்குது” என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதைக் கேள். கண் மங்குகிறது என்று டாக்டர் சொன்னதும் லைசென்ஸைத் தானே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். நம் சிவப்பு வண்டியைக் கழுவித் துடைத்து, வாங்க வந்தவரிடம் அதன் குணங்களைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார், சைதாமாவில் பேசியிருக்க வேண்டியதையெல்லாம் அன்று பேசினார். இனி அந்த இடத்தில் தக்காளி போடலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை பஸ் ஏறி எங்கேயோ போனார். போனது மாப்பிள்ளை கம்பெனியின் ஷோரூமுக்கு. அங்கே இருந்த பையன், “வாங்க ஐயா, இப்ப என்ன வண்டி வச்சிருக்கீங்க” என்று கேட்டிருக்கிறான். “மாஸ்டா வச்சிருந்தேன், இப்ப எதுவும் இல்ல” என்றாராம். “அப்ப மாத்தப்போறீங்களா” என்றானாம். “இல்ல தம்பி, இது என் மருமகன் வண்டி, அகலம் மட்டும் பாத்துட்டுப் போறேன்” என்று சொல்லிப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்திருக்கிறார். அந்தப் பையன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டானாம். புறப்படும்போது, கார் விற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். நம் வாசல் அந்த அகலத்துக்குப் பத்தவில்லை. ஆள் வைத்து, வாசலை ஒட்டிய நம் மதிலில் பாதியை இடித்தார். என் எலுமிச்சைத் தொட்டி இப்போது குளியலறை ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது, அதற்காக நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. போன வாரம் கயிறு கட்டி, முழங்காலுக்கு மெத்தை போட்டு, வெள்ளைப் பெயிண்டால் இரண்டு பக்கமும் கோடு இழுத்தார். அந்த இடத்தைத் தினமும் பெருக்குகிறார். தெருவில் போகிறவர்கள், “வண்டிதான் இல்லியே, எதுக்கு இந்தக் கோடு” என்று கேட்டால், “மாப்பிள்ளை வண்டி வரும்” என்கிறார். உன்னிடம் இதைச் சொல்ல அவருக்கு வாய் வராது. போனை எடுத்து நீட்டினால் கழிப்பறைக்குப் போய்விடுகிறார்.

அதனால் நான் கேட்கிறேன். ஓபோனுக்கு வாருங்கள், காரிலேயே வாருங்கள். பண்டிகைக் கூட்டத்தில் நெடுஞ்சாலை நெரியும், விடிவதற்குள் கிளம்பி, வழியில் ஒகயாமாவில் வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், உன் இடுப்புக்கும் நல்லது. ஒகிமோதோ போன பிறகு அவருக்கு இது முதல் ஓபோன், கல்லறையில் அவருக்கு வெள்ளை விளக்குக் கட்ட வேண்டும். நம் வீட்டுக் கல்லறைக்கு வண்ணக் காகித விளக்கு, அதைக் கோஹரு கட்டட்டும். நெத்திலி வந்துவிட்டது, நீ வரும் அன்று வாங்கி இஞ்சியோடு பச்சையாகவே வைப்பேன். மாப்பிள்ளை வர மறுத்தால் அதுவும் அவர் உரிமைதான், கோபித்துக்கொள்ள மாட்டேன். பெருக்கி வைத்த அந்த இடத்தில் மழை விழுவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். இப்போதே தெருமுனையில் எந்த வண்டி திரும்பினாலும் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் கோஹருவும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாய், நீண்ட நாள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, இடது பக்கம் வாய்க்கால் மூடி ஆடுகிறது, மாப்பிள்ளையைப் பின்பக்கமாக நுழைக்கச் சொல். உறை ஒட்டப்போகும் நேரத்தில் அப்பா பின்னால் வந்து நின்று, தனக்கும் ஒரு வரி எழுத வேண்டும் என்றார். சொல்லுங்கள் என்றேன். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “அந்த வண்டியோட பக்கக் கண்ணாடி ரெண்டும் உள்ள மடங்குமான்னு கேளு. மடங்காதுன்னா மிச்ச மதிலையும் இடிச்சிடுறேன்” என்றார்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா ஹிசாயோ