வீட்ல ஓடுது, ஊர்ல ஓடல

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன், என் தப்பு வரும் இடத்திலும் வளைக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால், "இன்னாடி இது, கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரி" என்று சிரித்திருப்பாய்.

உன் லாங் சைஸ் நோட்டு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா கொண்டுவந்து கொடுத்தார். பிரித்ததும் வேகவைத்த வேர்க்கடலை வாசனை, நம் பேச்சில் மல்லாட்டை வாசனை, வந்தது. நான்காம் பக்கத்தில் நாம் சிந்திய உப்புத்தண்ணீர்க் கறை காய்ந்து கிடக்கிறது. இத்தனை மாதம் அந்த வாசனை நிற்குமா என்று தெரியவில்லை. கறையைப் பார்த்ததால் எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

நோட்டு முழுக்கக் கட்டங்கள். இடப்பக்கம் யாருடைய போன், எந்த பிரவுசர் என்று எழுதியிருக்கிறாய். 'ஜெராக்ஸ் கடை அக்கா, குரோம்.' 'பிசிக்ஸ் மிஸ், ஃபயர்ஃபாக்ஸ்.' 'இவளோட சித்தி, ஐபோன், குடுக்கவே மாட்டாங்க.' 'இவ' என்றால் நான். வலப்பக்கம் இரண்டே பத்திகள். ஒன்றின் தலையில் 'வீடு', இன்னொன்றின் தலையில் 'ஊர்'.

பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்காக நாம் செய்த பேருந்து விளையாட்டுக்கான நோட்டு அது. விழுப்புரத்தில் கிளம்பி, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் போய்ச் சேர வேண்டும். நடுவில் மாடு வரும், கரும்பு லாரி வரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் குரல் கேட்கும். அந்தக் குரல் உன்னுடையது. கண்டக்டர் மகள் ஆயிற்றே நீ. உன் அப்பாவைப் போலவே மூக்கால், "விக்ரவாண்டி விக்ரவாண்டி, நவுந்து நில்லு, உள்ள போ" என்று நீ கத்தினால் வகுப்பே உள்ளே நகரும்.

செய்து முடித்து, பிரவுசரில் ஓடுகிற மாதிரி எக்ஸ்போர்ட் செய்தோம். என் அண்ணனின் பழைய லேப்டாப்பில் அந்தக் கோப்பை இரண்டு முறை தட்டித் திறந்தோம். லோடிங் பட்டை பாதியில் நின்றது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பேஜாரு புடிச்ச பஸ்ஸு, டெப்போவ விட்டே கெளம்பல" என்றாய்.

நான் இரண்டு நாள் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். கோப்புறையிலிருந்து நேராகத் திறக்கும் பக்கம் தன் படங்களையும் ஒலிகளையும் தானாக எடுத்துக்கொள்ள பிரவுசர் விடாது, பாதுகாப்புக்காக அப்படி. சொந்த லேப்டாப்பிலேயே ஒரு சின்ன சர்வரை ஓடவிட்டு, அதன் வழியாகத்தான் திறக்க வேண்டும். கருப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை கொடுத்தேன். பேருந்து கிளம்பிவிட்டது. நீ குதித்த குதியில் மல்லாட்டைக் கிண்ணம் நோட்டுமேல் கவிழ்ந்தது.

"சர்வர்னா எங்கியோ ஏசி ரூம்ல பெருசா இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்டி. நம்ம வீட்லயே இருக்குதே!" என்றாய். அன்றுதான் 'வீடு' என்ற பத்திக்குக் கோடு போட்டாய்.

பிறகு ஊரார் போன்களை எல்லாம் நம் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, லேப்டாப்பின் எண் முகவரியை அடித்துத் திறந்து பார்த்தோம். ஜெராக்ஸ் கடை அக்கா போனைக் கொடுக்கத் தயங்கியது நினைவிருக்கிறதா?

"வைரஸ் கிய்ரஸ் எதுனா வுட்டுருவீங்கடி. வாணாம்."

"அக்கா, ஃப்ரீ பஸ்ஸு. டிக்கெட்டே கிடையாது. ஜல்தியா ஏறுங்க."

அக்கா விக்கிரவாண்டி வரை ஓட்டியும் உன் குரல் வரவில்லை. பக்கம் திறந்ததும் தானாகத் தொடங்கும் ஒலியை எந்த பிரவுசரும் வெளியே விடாது, ஒரு பொத்தானைத் தொட்டு அதைத் தொடங்கிவைக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம். தொடக்கத்தில் ஒரு 'விசில்' பொத்தான் வைத்தோம். தொட்டால் விசில் அடிக்கும், அதற்குப் பிறகு நீ பேசுவாய். நோட்டில் 'தொட்டாதான் பேசும்' என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தாய். "உன்ன மாதிரியே. தட்டினாதான் வாயத் தெறப்ப."

அட்டையின் உள்பக்கத்தில் உன் சட்டம் இருக்கிறது. 'ஒரு போன்ல ஓடலன்னா போன் மேல தப்பு இருக்கலாம். ரெண்டு போன்ல ஓடலன்னா தப்பு நம்ம மேல.'

கண்காட்சி முடிந்த கொஞ்ச நாளில் உன் அப்பாவுக்கு டெப்போ மாறியது. நீங்கள் திண்டிவனத்துக்குக் குடிபோனீர்கள். ஒரு மணி நேரப் பயணம்தானே என்று எல்லாரும் சொன்னார்கள். வகுப்பில் என் பக்கத்து இடம் காலியானபோது அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

முதல் வாரமே நீ போன் செய்தாய். "ஏய், எங்க தெரு பசங்களுக்குப் பஸ்ஸு காட்டலாம்னு அந்த நம்பர் அட்ரஸப் போட்டேன். தெறக்கவே மாட்டேங்குதுடி."

நான் சிரித்தேன். "அது நம்ம ஹாட்ஸ்பாட்டுக்குள்ள மட்டும்தான்டி தெரியும். இங்க இருக்கறவங்களுக்குத்தான்."

"அப்ப நான் இப்ப வெளியூராடி?" என்றாய்.

அந்தச் சிரிப்பை நான் திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்த நாள்கள் நிறைய. அன்று மாலையே இலவசமாக இடம் தரும் ஒரு சர்வரைத் தேடி விளையாட்டை ஏற்றினேன். உனக்கு முகவரி அனுப்பினேன். அடுத்த நிமிடமே பதில்: 'ஊர்ல ஓடுது!!!' நீ நோட்டில் இரண்டாவது பத்தியை வரைந்தது அன்றுதான். வீட்டில் ஓடுவது ஊரிலும் ஓடினால்தான் அது ஓடினதாகக் கணக்கு என்று சொல்வாய்.

கடைசி நிறுத்தத்துக்கு மட்டும் குரல் பாக்கி இருந்தது. திண்டிவனத்தைத் திண்டிவனத்திலேயே பேசிப் பதிவு செய்வேன் என்று அடம்பிடித்தாய். அப்பாவிடமும் சொல்லிவைத்திருந்தாய்: "நீயே பஸ்ஸ ஓட்டிக்கினு திண்டிவனம் வா. அங்க உனக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்."

மழைக்காலத்தில் அந்த ஒலிக்கோப்பு வந்தது. கூடவே ஒரு செய்தி: 'காய்ச்சல்டி. தொண்ட கட்டிக்கினு இருக்குது. இப்போதைக்கு இத வை. சரியானதும் நல்லா பேசி அனுப்பறேன்.' நான் கோப்பை வைத்து லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். பேசியது. சர்வரில் ஏற்றினேன். பேசவில்லை. உனக்குச் சொன்னேன். 'வீட்ல ஓடுது, ஊர்ல ஓடல. பாத்துக்கலாம் வுடு' என்று எழுதினாய். நோட்டில் நீ கடைசியாகப் போட்ட குறியும் அதுதான். திண்டிவனம்: வீடு, டிக். ஊர், பெருக்கல் குறி.

ஒன்பதாம் நாள் நீ இல்லை என்று அம்மா வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் விளையாட்டைத் திறக்கவில்லை. அந்த ஒலியைக் கேட்கவும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களைப் படித்தேன். படிக்கிறேன் என்று சொன்னால் யாரும் எதையும் கேட்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வந்து, நோட்டைக் கொடுத்துவிட்டுத் தன் போனை நீட்டினார். திரையில் நம் பேருந்து நின்றுகொண்டிருந்தது.

"எல்லா ஸ்டாப்புலயும் பாப்பா பேசுதும்மா. திண்டிவனம் வந்தா மட்டும் பேசமாட்டேங்குது. நானும் டூட்டி முடிச்சி தெனம் ஓட்டிப் பாக்கறேன். நான் எதுனா தப்பா ஓட்றனா?"

"ஃபைல் எங்கிட்ட இருக்குப்பா. தனியா அனுப்பட்டுமா?"

அவர் தலையை ஆட்டினார். "தனியா வாணாம்மா. ஓட்டிக்கினு வா, வெச்சிருக்கேன்னு சொல்லிச்சி. ஓட்டிக்கினு போயே கேக்கறேன்."

இங்கேதான் என் தப்பு. "போன் பழசுப்பா, அதனாலதான்" என்றேன். வேறு ஒரு போனில்கூடப் பார்க்காமல் சொன்னேன். பார்க்க வேண்டுமென்றால் உன் குரலைக் கேட்க வேண்டும். அதற்குப் பயந்து போன்மேல் பழி போட்டேன்.

அவர் அதை நம்பினார். "அப்ப புதுப் போன் வாங்கினா பேசுமா? எந்தப் போனுன்னு எழுதிக் குடும்மா, நாளைக்கே வாங்கிடறேன்."

அவர் போனதும் நோட்டின் அட்டையைத் திருப்பினேன். உன் சட்டம் என்னைப் பார்த்தது. அம்மாவின் புதுப் போனை எடுத்து, விசிலைத் தொட்டு, திண்டிவனம் வரை ஓட்டினேன். மௌனம். ரெண்டு போன். தப்பு நம் மேல். இப்போது நம் என்று சொல்ல நான் மட்டும்தான் மீதி. உன் அப்பாவுக்கு உடனே போன் செய்து, "போன் வாங்காதீங்கப்பா, நான் தெரியாம சொல்லிட்டேன்" என்றேன். "தெரியாம இல்ல, பயந்து" என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அதை இந்த மடலில் சொல்கிறேன்.

மறுநாள் லேப்டாப்பில் பிரவுசரின் பிழைப் பட்டியலைத் திறந்தேன். சிவப்பில் ஒரே வரி. திண்டிவனம் என்ற ஒலிக்கோப்பு சர்வரில் இல்லையாம். எனக்குக் கோபம் வந்தது. இருக்கிறது, நானே ஏற்றினேன், கண்ணுக்கு எதிரே இருக்கிறது. இரண்டு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. விளையாட்டுக்குள் நான் எழுதியிருந்த பெயர் ஆங்கிலத்தின் சின்ன 'டி'யில் தொடங்கியது. நீ அனுப்பிய கோப்பின் பெயர் பெரிய 'டி'யில் தொடங்கியது. மற்ற நான்கையும் லேப்டாப்பில் சேர்ந்து உட்கார்ந்து பெயரிட்டோம். இதை நீ போனில் பெயரிட்டாய். போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகவே பெரிதாக்கிவிடும். நம் லேப்டாப் பெரிசு சிறிசு பார்க்காது, இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். சர்வருக்கு அவை இரண்டு வேறு பெயர்கள்.

ஆங்கிலத் தேர்வில் இதற்காகவே உனக்கு மதிப்பெண் குறையும். ஒருமுறை மிஸ்ஸிடமே கேட்டாய். "நம்ம எழுத்துல பெருசு சிறுசே இல்லியே மிஸ். எல்லாம் ஒரே உசரம். இங்கிலீஷ்ல மட்டும் எதுக்கு மிஸ் சில எழுத்துக்கு நாற்காலி?" மிஸ் சிரித்துக்கொண்டே அரை மதிப்பெண்ணைக் குறைத்தார்.

சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. உன் கோப்பின் பெயரை மாற்றலாம். அல்லது நான் எழுதிய பெயரை மாற்றலாம். நீ வைத்த பெயரில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. என்னுடைய சின்ன 'டி'யைப் பெரிதாக்கினேன். மறுபடி எக்ஸ்போர்ட் செய்து சர்வரில் ஏற்றினேன். ஆனால் ஓட்டிப் பார்க்கவில்லை. ஊரில் ஓடுவதை முதலில் கேட்க வேண்டியவர் நான் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவும் நானும் உன் அப்பாவின் பேருந்தில் ஏறினோம். விக்கிரவாண்டியில் அவர், "நவுந்து நில்லு, உள்ள போ" என்று சொன்னபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீதான் அவரைப் போலப் பேசுகிறாய் என்று நினைத்திருந்தேன். அன்று அவர் உன்னைப் போலப் பேசுவதாக இருந்தது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கினார்கள். அவர் பையைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தார். விசிலைத் தொட்டார். முண்டியம்பாக்கம். விக்கிரவாண்டி. கூட்டேரிப்பட்டு. மாட்டுக்கு ஒதுங்கி, லாரிக்கு வழிவிட்டு, நிஜமான பேருந்தைப் போல ஓட்டினார். திண்டிவனம் வந்தது. சத்தம் இல்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பரவால்ல வுடும்மா" என்றார்.

அப்போது நோட்டின் மூன்றாம் பக்கத்தில் நீ எழுதியது நினைவுக்கு வந்தது: 'பிரவுசர் பழசையே புடிச்சிக்கினு இருக்கும். அத வுடச் சொல்லு, அப்புறம் புதுசக் கேளு.' தினமும் ஓட்டிய போன் பழைய பிரதியையே சேமித்து வைத்திருந்தது. அதை அழித்தேன். பக்கத்தைப் புதிதாகத் திறந்தேன்.

"இன்னொரு வாட்டிப்பா."

மறுபடி விழுப்புரத்திலிருந்து கிளம்பினார். இம்முறை மெதுவாக ஓட்டினார். திண்டிவனம் பலகை தெரிந்தது. பேருந்து நின்றது. கரகரத்த தொண்டையில், நடுவில் ஒரு இருமலோடு, நீ பேசினாய்.

"திண்டிவனம், திண்டிவனம். கடைசி ஸ்டாப்பு. எல்லாம் எறங்கு, எறங்கு. யோவ் கண்டக்டரு, உனக்குந்தான். டூட்டி முடிஞ்சிது, வூட்டுக்கு வா."

உன் அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "வர்றேன் பாப்பா" என்றார். கூப்பிட்டவருக்குப் பதில் சொல்வதைப் போல, சாதாரணமாகச் சொன்னார்.

நல்லா பேசி அனுப்பறேன் என்றாய். இதைவிட நன்றாக யாராலும் பேசியிருக்க முடியாது. நோட்டை மடியில் வைத்து, அந்தப் பெருக்கல் குறியை அடிக்காமல், அதன் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். இப்போதெல்லாம் திண்டிவனத்தை ஆங்கிலத்தில் எங்கே எழுதினாலும், கோப்பின் பெயரில்கூட, பெரிய 'டி'யே போடுகிறேன். உன் சட்டத்தையும் விடவில்லை. எது ஓடாவிட்டாலும் இரண்டாவது போனைத் தேடிப் போகிறேன்.

அம்மா என் தோளைத் தொட்டு, இறங்கலாம் என்றாள். உன் அப்பா பையை மாட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் இறங்கினார். டிரைவர் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பேருந்தின் விளக்குகளை அணைத்தார்.